எதிர்வீட்டுச் சாவி

எங்கள் ஊருக்குக் குடிவர நினைக்கிறவர்களிடம் முதலில் ஊரைப் பற்றிக் குறைதான் சொல்வேன். வீட்டுத் தரகன் செய்கிற வேலையா இது என்று என் மைத்துனன் தலையில் அடித்துக்கொள்வான். அவனுக்கு என்ன தெரியும்? குறையைக் கேட்டபிறகும் வருகிறவன் நாலு வருடம் இருப்பான். புகழ்ச்சியைக் கேட்டு வருகிறவன் இரண்டாம் மாதமே என் அலுவலகப் படியேறி, "அபூ ஷாஹிர், நீங்க காட்டினது வீடா, சந்தையா?" என்று கத்துவான்.

பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அலுவலகம். ஊர்க்காரர்கள் எட்டாயிரம் பேர், மாணவர்கள் முப்பதாயிரம் பேர். இந்தக் கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வரும். மொட்டைமாடியில் எத்தனை தொட்டி என்று எண்ணுங்கள், எண்ணியபின் கட்டிடத்தில் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். காதலில் விழுந்த இருபது வயதுப் பையன் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பான். ஜூனில் பட்டமளிப்பு. ஒரு பட்டதாரிக்குப் பதினைந்து கார், எல்லாக் காரிலும் ஹார்ன். மாணவர் சங்கத் தேர்தலன்று பையன்கள் குலம் குலமாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பருப்பு வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஜூலையில் ஊர் காலியாகிவிடும், குப்பைத்தொட்டிப் பூனைகள்கூட இளைத்துப்போகும்.

கல்யாணமாகாத ஆண் என்றால் குடும்பங்கள் இருக்கும் கட்டிடத்தில் இடமில்லை. ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, பிரம்மச்சாரி, முழங்கால் வலி, சர்க்கரை நோய் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினார். வீட்டுக்காரம்மா அசையவில்லை. "கெழவனா இருந்தாலும் ஆம்பளதானே?" என்றாள். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார்.

இத்தனையையும் சொல்வேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அது எனக்கே தெரியாமல் இருந்தது. சாயில் குடும்பத்துக்கு வினை அந்த வழியாகத்தான் வந்தது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் சாயில் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். தெற்கத்திக்காரன், நாற்பத்தைந்து வயதிருக்கும், சட்டைக் காலர் வரை பொத்தான் போட்டிருந்தான். காபியைத் தொடவில்லை.

"வீடு குடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னு தெரிஞ்சுக்கோங்க அபூ ஷாஹிர். அப்புறம் மறைச்சிட்டான்னு பேர் வரக் கூடாது. நாங்க ஜல்வாவுல வந்திருக்கோம்."

எங்கள் நாட்டில் ஒருவன் கொலை செய்தால் அவனுடைய நெருங்கிய சொந்தமெல்லாம் அந்தப் பகுதியை விட்டே வெளியேற வேண்டும். செத்தவன் வீட்டார் கண்ணில் படக் கூடாது. அதுதான் ஜல்வா. இரு தரப்பும் சமாதானமாகும்வரை அப்படித்தான். அது எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல முடியாது. சாயிலின் தம்பி நாயிஃப், தண்ணீர் லாரியை யார் வாசலில் முதலில் நிறுத்துவது என்ற சண்டையில், ஃபவாஸ் என்கிறவனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஃபவாஸ் போய்விட்டான். நாயிஃப் சிறையில். சாயில் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, ஆட்டுத் தீவனக் கடைக்குப் பார்லி வாங்கத் தலைநகர் அம்மானுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது கடை இல்லை, ஊரும் இல்லை. மனைவி நோஃபா, மகள் ஷதா, நாலு பெட்டி, அவ்வளவுதான்.

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிறவன் தரகு பார்க்க முடியாது. என் குறைப் பட்டியலை ஒப்பித்தேன். தண்ணீர், ஹார்ன், பூனை எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எங்க பக்கத்துல இருந்து பசங்க யாராச்சும் இங்க படிக்க வர்றாங்களா? ஃபவாஸ் வீட்டு ஆளுங்க?"

என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் குலத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. "தெற்குலயே பல்கலைக்கழகம் இருக்கே! நாலு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு இங்க எவன் வரப்போறான்? தைரியமா இருங்க. நம்ம ஊர்ல யார் யாருன்னு எவனும் கேக்க மாட்டான்," என்றேன். டாக்டர் மாதிரிச் சொன்னேன். அப்போதைய மாணவர்களைப் பார்த்துச் சொன்னேனே தவிர, ஃபவாஸுக்குப் பிள்ளைகள் உண்டா, என்ன வயது என்று கேட்கத் தோன்றவில்லை. ஃபவாஸின் மகனுக்கு அப்போது பதினாலு வயது.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தில் மூன்றாம் மாடி வீடு கொடுத்தேன். என் அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரன் வளைகுடாவுக்குப் போனபோது கடையைச் சாயில் எடுத்துக்கொண்டான். பேராசிரியர்களின் பாடக்குறிப்பை நகலெடுத்து, கம்பிச்சுருள் போட்டு விற்கிற வேலை. தீவனக்கடைப் பழக்கம் அவனை விடவில்லை. மருத்துவ மாணவன் வந்தால், "கல்லீரல் வேணுமா, நுரையீரல் வேணுமா? நுரையீரல் பழைய சரக்கு, திங்கக்கிழமை புதுசு வரும்," என்பான். பையன்களுக்கு அவனைப் பிடித்துப்போனது. நோஃபா இரண்டு வருடம் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் வருடம் திரைச்சீலை வாங்கினாள். திரைச்சீலை வாங்கிய குடும்பம் இனி நகராது என்பது என் தொழில் அனுபவம். ஷதா மருந்தியலில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து நடந்தே வகுப்புக்குப் போவாள். இந்த ஆகஸ்டில் அவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்புத்தான் பாக்கி.

அதே ஆகஸ்டில்தான் ஒரு பெண் மகனோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். கறுப்பு அங்கி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சேர்க்கைக் கடிதம். மகன் நெடுநெடுவென்று இருந்தான், மீசை அரும்பு விட்டிருந்தது. சுவரிலிருந்த ஊர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பேருக்கு வீடு வேணும். எனக்கும் இவனுக்கும்."

"பையனுக்கு மட்டும்னா பசங்க தங்கற இடத்துல ஒரு கட்டில் புடிச்சுத் தந்துடுவேன் தங்கச்சி. நீங்க எதுக்கு வீட்ட விட்டு அலையணும்?"

"நானும் இருப்பேன்."

ஒப்பந்தம் எழுத அடையாள அட்டைகளை வாங்கினேன். பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். ஃபவாஸின் குலம், ஃபவாஸின் ஊர். பையன் பெயர் அவ்ஸ், அப்பா பெயர் ஃபவாஸ். கீழே ஜெராக்ஸ் எந்திரம் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் சாயில்.

அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். "தங்கச்சி, இந்த ஊர் குடும்பத்துக்கு ஆகாது. தண்ணி வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் சில வாரம் வராது. ராத்திரி பூரா பாட்டு. தேர்தல்னா மண்டை உடையும், போன வருஷம் ஒரு பையனுக்குப் பதினோரு தையல். சுவரெல்லாம் ஓதம். வேற பல்கலைக்கழகத்துக்கு மாத்திக் கேட்டா குடுப்பாங்க. மனு நானே எழுதித் தர்றேன், உக்காருங்க."

"நீங்க தரகரா, இல்ல ஊர் எல்லையில நிக்கிற காவலா?" என்றாள். பையன் சிரித்துவிட்டான். "அவ்ஸ், கார்ல தண்ணி பாட்டில் இருக்கு, போய் எடுத்துட்டு வா."

"கீழ போக வேணாம்! இங்கயே தண்ணி இருக்கு, இதோ—" என்று எழுந்தேன்.

"போகட்டும்," என்றாள். அவன் இறங்கும்வரை காத்திருந்தாள். "கீழ கடையில இருக்கறவர இவன் பார்த்து நாலு வருஷம் ஆச்சு. தாடி வேற வச்சிருக்காரு. இவனுக்கு அடையாளம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் பின்னாடி, மூணாவது மாடி," என்றாள் அவள். அவ்ஸின் அம்மா என்ற பொருளில் அவளை எல்லோரும் உம் அவ்ஸ் என்றுதான் அழைத்தார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். "எதிர் வீட்டுல படிக்கிற பொம்பளப் பிள்ளைங்க இருந்தாங்க, ஜூன்ல காலி பண்ணிட்டாங்க. எனக்கு அந்த வீடு வேணும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"என் மச்சினனுங்க. நாலு வருஷமா எங்க வீட்டுல இவன் இல்லாத நேரத்துல வேற பேச்சே கெடையாது. அவங்க எங்க இருக்காங்க, என்ன கடை வச்சிருக்காங்க, ஜன்னல்ல என்ன கலர் திரை. இவனோட சேர்க்கை விண்ணப்பத்த அவங்கதான் நிரப்பினாங்க. முப்பது இடம் எழுதலாமாம். முப்பதுலயும் இந்த ஊரயே எழுதிட்டாங்க, பாடத்த மட்டும் மாத்தி மாத்தி. கிடைச்சது புவியியல். என் பையனுக்கு நம்ம நாட்டுல கடல் எந்தப் பக்கம்னே தெரியாது அண்ணே."

அவள் சிரிக்கவில்லை. பையனை எதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. குறைந்தபட்சம் சாயில் குடும்பம் பயந்து ஓடவேண்டும், அதிகபட்சத்தை நான் நினைக்க விரும்பவில்லை.

"அப்படின்னா ஊரோட அந்தக் கோடியில ஒரு வீடு பாக்கறேன். நல்ல தண்ணி, நல்ல காத்து," என்றேன். சற்றுமுன் ஊரில் தண்ணீரே இல்லை என்றவன் நான்தான்.

"கோடியில இருந்தா அவங்க இவன் மனசுக்குள்ள பேயாட்டம் வளருவாங்க. எதிர்ல இருந்தா தெரியும், அவங்களும் குப்ப கொட்டறாங்க, தண்ணி வரலன்னு கத்தறாங்கன்னு. அப்புறம் இன்னொன்னு. எங்க பக்கம் எதிர்வீட்டுக்காரன் மேல கை வச்சவன மனுசன்னு எவனும் மதிக்க மாட்டான். பொண்ணு தரமாட்டான், காபி தரமாட்டான். மச்சினனுங்களுக்கும் அது தெரியும். அந்தப் படிக்கட்டுலயே இவன நான் கட்டிப் போடப் போறேன்."

"மச்சினனுங்க சும்மா விடுவாங்களா?"

"கத்துவாங்க. நாலு வருஷமா கத்திக்கிட்டுதானே இருக்காங்க."

நான் அவளை நம்பினேனா? இல்லை. பாதி நம்பினேன், பாதி பயந்தேன். இது பழிவாங்க வந்தவள் போடுகிற வேஷமாக இருந்தால்? வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று பொய் சொன்னேன். அவள் எழுந்தாள். "கேளுங்க. வியாழக்கிழமை சாயங்காலம் சாமானோட வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் கார் கிளம்பியதும் கீழே இறங்கி, கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, சாயிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்திரத்தை நிறுத்தாமலே கேட்டான். காகிதம் வந்து குவிந்துகொண்டே இருந்தது.

"அவ்ஸா?" என்றான். "என் கடையில பார்லி மூட்டை மேல ஏறிக் குதிப்பான் அவன். எறங்குடா எறங்குடான்னு கத்துவேன். இப்ப எவ்வளவு ஒசரம்?"

"உங்களவிட ஒரு சாண் கூட."

அவன் எந்திரத்தை அணைத்தான். "நாளன்னிக்குள்ள காலி பண்ணிடறோம். அவங்க இருக்கற எடத்துல நாங்க முகம் காட்டக் கூடாது. அதான் பேச்சு."

"அவ சொன்னதச் சொன்னேனே..."

"உம் அவ்ஸ் நல்லவதான். ஆனா இதுல பேசற உரிம அவளுக்கு இல்ல, அந்தப் பையனுக்கு. அவன் வாயால ஏதாச்சும் சொன்னானா?"

அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு எதிர்வீடு யாருடையது என்றே தெரியாது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நோஃபா திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஷதா கூடத்தின் நடுவில், கட்டின புத்தகங்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் ரெண்டு செமஸ்டர்ப்பா. ரெண்டே ரெண்டு."

"ஹாஸ்டல்ல இருந்து முடி. அபூ ஷாஹிர் இடம் பாத்துத் தருவாரு."

"நீங்க எந்த ஊர்ல எந்த மூலையில கெடக்கறீங்கன்னு தெரியாம நான் இங்க உக்காந்து மாத்திரை பேர் மனப்பாடம் பண்ணணுமா? நாயிஃப் சித்தப்பா பண்ணினதுக்கு நான் மொத்தம் எத்தன ஊர் மாறணும்? சொல்லிடுங்க, எழுதி வச்சுக்கறேன்."

சாயில் என்னைப் பார்த்து, "அபூ ஷாஹிர், இந்தத் தடவ காலேஜ் இல்லாத ஊரா பாருங்க," என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுருக்கென்று குத்தியது. நாலு வருடத்துக்கு முன் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தைரியமாக இருங்கள் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வரவேண்டிய லாரி பதினொன்றரைக்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஊரில் லாரி கிடைப்பதே பெரிய விஷயம், பாதி ஊர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் வாயில் சிகரெட்டோடு எல்லாவற்றுக்கும் சலித்துக்கொண்டான். இரண்டு மணிக்குக் கட்டில், பீரோ, பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. மேலே ஒரு அடுப்பும் ஒரு பாயும் கொஞ்சம் பாத்திரமும்தான் மிச்சம். சாயில் கடைசியாக ஒருமுறை அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தான். காலி செய்கிற வீட்டைப் பெருக்குகிற ஆண்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

நான் கீழே இறங்கி லாரிக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு வண்டி வந்தது. உம் அவ்ஸ். சாயங்காலம் என்று சொன்னவள் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். வேண்டுமென்றே வந்தாளா, தெரியாது. பின்னால் அவ்ஸ், தோளில் ஒரு மெத்தையோடு.

நான் மேலே ஓடி சாயில் வீட்டுக் கதவைத் தட்டி, "வந்துட்டாங்க, சாத்துங்க," என்றேன். கதவு சாத்திக்கொண்டது. உம் அவ்ஸ் மூச்சு வாங்க மூன்றாம் மாடி ஏறி வந்து என் முன்னால் கையை நீட்டினாள். சாவி என் பையில் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். கொடுத்துவிட்டேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பயந்து பயந்து அலுத்துப்போயிருக்கலாம்.

அவள் கதவைத் திறந்து மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. அந்தக் கதவு திறந்திருக்கிறவரை சாயில் வெளியே வர முடியாது, அவன் முகம் அவர்கள் கண்ணில் படும். லாரி கீழே உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை ஹார்ன் அடித்தான்.

அரை மணி போயிற்று. உம் அவ்ஸ் திறந்த வாசலில் இருந்தபடி, என்னிடம் பேசுவது போல, கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"அபூ ஷாஹிர், உங்க ஊர்ல புதுசா குடிவந்தவங்களுக்கு முதல் வேளச் சாப்பாடு எதிர்வீட்டுல இருந்து வராதா? எங்க பக்கம் வரும். நான் அடுப்பு பத்த வைக்கல. என் பையன் காலையில இருந்து பட்டினி."

மூடின கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் உருள்கிற ஒலி கேட்டது. சாயிலின் குரல் அடங்கிய தொனியில் ஏதோ சொன்னது. நோஃபா, "என் வாசல்ல ஒரு பிள்ள பசியோட உக்காந்திருக்கான். நீங்க போங்க, நான் வரல," என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்தது. நோஃபா ஒரு தட்டு நிறைய அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைத்து, மேலே வறுத்த வெங்காயம் தூவி எடுத்துவந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை எதிர்வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவ்ஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கை தட்டுக்குப் போனபோது அவன் அம்மா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முதல்ல கேளு. இது சாயில் வீட்டுச் சாப்பாடு. நாயிஃபோட அண்ணன் சாயில்."

பையன் கையை இழுத்துக்கொண்டான். எதிர்க் கதவைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்துபோயிற்று. நான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த ஊர்ல இருக்காங்கன்னு சித்தப்பா சொன்னாரு. எதிர்லன்னு சொல்லல," என்றான்.

"எதிர்வீட்ட நான்தான் கேட்டு வாங்கினேன். உன் சித்தப்பாங்க உன்னப் படிக்க அனுப்பல, எதுக்கு அனுப்பினாங்கன்னு உனக்கே தெரியும். வேணாம்னா இப்பவே எந்திரி, ஊருக்குப் போயிடலாம், பல்கலைக்கழகம் வேணாம். ஆனா இங்க இருந்தா இந்தத் தட்டுல சாப்பிட்டுட்டுத்தான் இருக்கணும்."

"நீங்க சாப்பிடுவீங்களாம்மா?"

"செத்தது என் புருஷன்டா. உன்னவிட எனக்கு வலி கம்மின்னு நெனச்சியா?" என்றாள். ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு, அழுதுகொண்டே மென்றாள்.

ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அந்த வீட்டின் மேல் கை ஓங்கக் கூடாது. எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் பையன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். கீழே ஓட்டுநர் கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினான். கடைசியில் அவ்ஸ் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

"உப்பு இல்ல," என்றான்.

அவன் அம்மா முகம் வெளுத்துவிட்டது. அவளும் அதைச் சாப்பிட்டிருந்தாள், அழுகையில் கவனிக்கவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. உப்பு ஜாடி லாரியில் ஏறிவிட்டது. நோஃபா உப்பில்லாமலேயே சமைத்திருக்கிறாள். அடப்பாவி, இத்தனை தூரம் வந்தும் கெட்டதே என்று நினைத்தேன். நாளைக்கு இவன் சித்தப்பன்கள் கேட்பார்களே, அந்தச் சோற்றில் உப்பு இருந்ததா என்று. இல்லை என்று இவனும் சொல்வான். அது உண்மையும்கூட.

பையன் எழுந்தான். சோறு ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலு எட்டுத்தான். நடந்துபோய்ச் சாயில் வீட்டுக் கதவைத் தட்டினான்.

திறக்கவில்லை. மறுபடி தட்டினான். சாயில்தான் திறந்தான். கையில் இன்னும் விளக்குமாறு இருந்தது. முகத்தை மறைக்கவும் முடியாமல், காட்டவும் முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க வீட்டுல உப்பு இல்ல," என்றான் அவ்ஸ். "உங்க வீட்டுல இருந்து கொஞ்சம் குடுப்பீங்களா?"

தெருமுனையில் மளிகைக் கடை இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சாயிலுக்குப் பின்னாலிருந்து ஷதாதான் சொன்னாள், "உப்பு லாரில இருக்கு. எந்தப் பெட்டின்னு தெரியாது."

"எறக்கிப் பாத்துடலாம்," என்றான் அவ்ஸ்.

எல்லோரும் கீழே இறங்கினோம். ஓட்டுநர் என் சட்டையைப் பிடிக்காத குறையாக, "ஏத்தினத எறக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனா?" என்று குதித்தான். அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு அவ்ஸ் லாரி மேல் ஏறி, கட்டிலை இந்தப் பக்கம் கொடுத்தான். சாயில் அந்தப் பக்கம் பிடித்தான். பீரோ இறங்கியது. திரைச்சீலைப் பெட்டி இறங்கியது. உப்பு ஜாடி ஐந்தாவது பெட்டியிலேயே கிடைத்துவிட்டது. நோஃபா அதை எடுத்து உம் அவ்ஸ் கையில் கொடுத்ததை எல்லோரும் பார்த்தோம். இருந்தாலும் யாரும் நிறுத்தவில்லை. லாரி காலியாகிற வரைக்கும் இறக்கிக்கொண்டே இருந்தோம்.